சூட்கேஸ் படம் எங்கே முடிகிறது

1

நெளுக்குளத்திலிருந்து ஒரு சிறுபத்திரிகை நடத்தும் நண்பர் குணம் மூன்று மாதமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறார். "பார்க்கவேண்டிய பத்து வெளிநாட்டுப் படங்கள் எண்டு ஒரு பட்டியல் தாருங்கோ மாஸ்டர். பாட்டு, சண்டை இல்லாத படங்கள். ஒவ்வொண்டுக்கும் ஒரு பந்தி காணும். அந்தச் சூட்கேஸ் படம் முதலாவதா வரட்டும்." கடிதத்தில் கடைசி வசனத்துக்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தார்.

பத்து என்ன, ஐம்பது எழுதலாம். நோர்வேயில் நான் இருக்கும் இந்தச் சிறுநகரத்து நூலகத்தில் உலகத்துப் படமெல்லாம் இலவசமாகத் தருகிறார்கள். கிழமைக்கு நான்கு எடுக்கலாம். ஆனால் இருந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுவேன், எழும்பிப் போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பேன். திரும்பி வந்து கணினியில் செய்தி பார்ப்பேன். பிறகு சும்மா குசினிக்குப் போய் நிற்பேன். எதற்கு வந்தேன் என்று தெரியாது.

காரணத்தை மறைக்கப்போவதில்லை. என் மனுசி வசந்தி இன்னும் கிளிநொச்சியில் இருக்கிறாள். நானும் மகள் நிலானியும் இங்கே. வசந்தியை இங்கே கூப்பிடுவதற்கு நான் கொடுத்த விண்ணப்பத்துக்கு ஒருவழியாகப் பதில் வந்து, கொழும்பிலுள்ள தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள். சண்டையால் கண்டி வீதி பூட்டிக் கிடக்கிற இந்த நேரத்தில் அவள் வெளியே வரப் பாஸ் எடுத்து, பிணைக்கு ஆள் நிறுத்தி, அந்த நாளைக்குள் கொழும்புக்கு வந்து சேரவேண்டும். வராவிட்டால் முதலிலிருந்து தொடங்கு என்கிறார்கள். அதற்கு எத்தனை வருடம் எடுக்கும் என்று கேட்டால், குடிவரவு அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் சிரிக்கிறாள். நல்ல பிள்ளைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறாள்.

இந்தக் கிழமையோடு நாங்கள் வந்து இரண்டு வருடம். இரண்டு வருடத்தில் திரும்பி வருவேன் என்று வசந்திக்குச் சொல்லிவிட்டு வந்தவன் நான். அப்படிச் சொல்வதற்கு எனக்குத் துணிவு தந்தது அந்தச் சூட்கேஸ் படம். ஆகவே குணம், பட்டியலும் வேண்டாம், பத்தும் வேண்டாம். மூன்று படங்களைப் பற்றி எழுதுகிறேன். மூன்றாவதைப் பற்றி ஒரு உண்மை சொல்லவேண்டியிருக்கிறது.

2

எங்கள் ஊர்ப் படக்காட்சியைப் பாராதவர்களுக்காக ஒரு விளக்கம். கண்டி வீதி திறந்த பிறகு, கிளிநொச்சிக்கு மேற்கே, வாய்க்கால் கரையில் வெறுமனே கிடந்த சங்கத்து நெல் களஞ்சியத்தில் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் படம் போடுவோம். ஒரு ரீவி, ஒரு ஜெனரேட்டர், ஒரு வீசீடிப் பெட்டி. யன்னல்களுக்கு உரப்பை கட்டி இருட்டாக்குவது. தமிழ்ப் படம் போட ஊரில் வேறு இடங்கள் இருந்தன. எங்களது பிறநாட்டுப் படத்துக்கு மட்டும்.

கொண்டுவந்து தந்தவர் ஹனீபா நானா. முல்லைத்தீவுக்காரர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் கிடந்து, பாதை திறந்ததும் திரும்பிவந்து துணி வியாபாரம் செய்தவர். கொழும்பில் துணி எடுக்கப் போகும்போது நடைபாதையில் எங்களுக்குப் படமும் எடுத்துவருவார். மட்டையைப் பார்த்து அவர் படம் தெரிவுசெய்யும் முறை தனி. "மாஸ்டர், மட்டையில ஒருத்தரும் சிரிக்கேல்லை. அடிபடவும் இல்லை. ஒரு மனுசன் சும்மா வேலியைப் பார்த்துக்கொண்டு நிக்கிறான். உங்களுக்குப் பிடிச்ச சாமான்தான்." நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகவே இருக்கும்.

ஜெனரேட்டர் இரைச்சலில் படத்தில் யார் என்ன பேசினாலும் கேட்காது. கேட்டாலும் விளங்காது. கீழே ஓடும் ஆங்கில எழுத்தை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன், பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்தவன். ஆகவே ரீவிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, அவர்கள் பேசுவதை நான் தமிழில் கத்திச் சொல்வேன். ஆண் குரலும் நான்தான், பெண் குரலும் நான்தான், குழந்தை அழுதாலும் நான்தான். சனம் சும்மா கேட்டுக்கொண்டிருக்காது. "அவன்ர தேப்பன் எங்க மாஸ்டர்?" என்று கேட்கும். படத்தில் தகப்பனைப் பற்றி ஒன்றும் சொல்லியிராது. "தகப்பன் கடலுக்குப் போனவர்" என்று நானே ஒன்றைச் சேர்த்துவிடுவேன். கேட்டவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

முத்தக் காட்சி வந்தால் எழும்பி ரீவிக்கு முன்னால் நின்றுகொண்டு, வயர் பார்ப்பதுபோல் பின்னுக்குத் தடவுவேன். "மாஸ்டர் எழும்பிட்டார், அங்க என்னவோ நடக்குது" என்று பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வரும். வசந்திதான் உரக்கச் சிரிப்பாள். அவள் குடும்பநல உத்தியோகத்தர், ஊர் வாயில் மிட்வைப். வாரம் முழுக்கச் சைக்கிளில் வீடுவீடாகத் திரிகிறவளுக்கு ஞாயிறு பின்னேரம் அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

படங்களின் பெயர் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. மட்டையில் இருப்பது எந்த எழுத்தென்றே தெரியாத படங்களும் உண்டு. நாங்களே பெயர் வைப்போம். கிணத்துப் படம், லிஃப்ட் படம், சூட்கேஸ் படம். இங்கேயும் அந்தப் பெயர்கள்தான்.

3

கிணத்துப் படம். ஒரு வறண்ட மலைநாட்டில் ஒருவன் தனியாகக் கிணறு தோண்டுகிறான். படம் முழுக்கத் தோண்டுகிறான். வேறொன்றும் இல்லை. மனைவி சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். அயலவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். அவ்வளவும்தான்.

துணுக்காயிலிருந்து வந்து எங்கள் பக்கம் வயல் செய்த கந்தப்பு அண்ணை பத்தாவது நிமிடத்தில் எழும்பினார். "உதில தண்ணி வராது மாஸ்டர். மண்ணின்ர நிறத்தைப் பாருங்கோ. விசரன், முப்பதடி தள்ளிப் புல்லு நிக்குது, அங்க தோண்டாமல்."

"இருங்கோ அண்ணை, முடிவைப் பாப்பம்."

"முடிவு என்ன முடிவு? வராது எண்டால் வராது."

வெளியே போகிறேன் என்றவர் வாசலில் நின்றே முழுப்படத்தையும் பார்த்தார். ஒவ்வொரு மண்வெட்டிக்கும் திட்டினார். கடைசியில் தண்ணீர் வரவில்லை. அவன் மேலே ஏறிவந்து, புல்லின்மேல் படுத்து நித்திரையாகிறான். கந்தப்பு அண்ணை, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். வென்றவரின் குரல் இல்லை அது. அடுத்த கிழமையும் அந்தப் படத்தைப் போடச் சொல்லிக் கேட்டவரும் அவர்தான். இந்தப் படத்தை ஊரில் யாராவது பார்க்கக் கிடைத்தால் வயல்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

லிஃப்ட் படம். ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கும் மனுசனின் ஒரு நாள். படம் லிஃப்டை விட்டு வெளியே வருவதே இல்லை. ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், அவர்கள் பாதியில் விட்டுப்போகும் பேச்சுகள். எங்கள் சனத்தில் பாதிப்பேர் லிஃப்ட் கண்டதில்லை. நானே கொழும்பில் ஒரு தரம் ஏறி வயிற்றைப் பிரட்டி இறங்கியவன். "இவன் ஏன் இறங்கி ஓடேல்லை?" என்று எல்லாரும் கேட்டார்கள். வேலை என்று சொன்னேன். "உதுவும் ஒரு வேலையோ?" என்றார்கள்.

இப்போது நான் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறேன். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. அது நிலக்கீழ்த் தளத்தில் இருக்கிறது. காலையில் லிஃப்டில் இறங்கி, பேருந்தில் ஏறி, இன்னொரு லிஃப்டில் இறங்கி, படுக்கை விரிப்பு மடிக்கிறேன். லிஃப்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நான் வந்த புதிதில் மொழி வகுப்பில் படித்த ஒரு வசனத்தை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மரியாதையாகச் சொல்கிற நன்றி என்று நினைத்தேன். குடிவரவு அலுவலகத்தில் முத்திரை குத்தித் தந்த பெண்ணுக்கும் சொன்னேன். அது மேசையிலிருந்து எழும்பும்போது சமைத்தவருக்குச் சொல்லும் நன்றியாம். நிலானிதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "அப்பா, அவா உங்களுக்குச் சாப்பாடு போட்டவாவோ?"

அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஒரு வருடத்தில் இந்த மொழி அவள் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. தமிழ் எழும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. கிளிநொச்சிக்குத் தொலைபேசி எப்போதாவது வேலை செய்யும். தாய் ஒரு மணித்தியாலம் வரிசையில் நின்று எடுப்பாள். இவள், "ஓம், நல்லம், சரி" என்று மூன்று சொல் சொல்லிவிட்டு எனக்குத் தந்துவிடுவாள். எனக்குக் கோபம் வரும். "தாயோட கதைக்க உனக்கு என்ன?" என்று கத்துவேன். "என்ன கதைக்கிறது எண்டு தெரியேல்லை அப்பா" என்பாள்.

4

இனிச் சூட்கேஸ் படம்.

நானா ஒருநாள் இரண்டு வீசீடித் தட்டுகளை ஒரு வெள்ளை உறையில் போட்டுத் தந்தார். மட்டை கிழிந்துவிட்டதாம். தட்டுகளின் மேல் இருந்த எழுத்து ஒருவருக்கும் விளங்காதென்று, குழம்பாமல் இருக்கத் தானே பேனையால் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டுவந்திருந்தார். நாங்கள் ஒன்றை முதலில் போட்டோம்.

எடுத்த எடுப்பில் பனி. ஒரு பெரிய நகரம், ஒரு சின்ன அறை. புருசன், பெண்சாதி, ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு பெட்டை. அலுமாரிக்கு மேலே ஒரு சூட்கேஸ். அவன் கட்டட வேலைக்குப் போகிறான், அவள் தையலுக்குப் போகிறாள். சண்டை பிடிக்கிறார்கள். பிள்ளை வேறு மொழி பேசுகிறது. ஒருநாள் அவள் சூட்கேஸை இறக்கி, துடைத்து, தெருவில் குப்பை வைக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வருகிறாள். பிறகு திரையில் பெயர்கள் ஓடுகின்றன.

"இடைவேளை" என்று அறிவித்தேன்.

இரண்டாவது தட்டு. வாத்தியம், பெரிய எழுத்தில் படத்தின் பெயர், பிறகு ஒரு தீவு. அதே புருசன் பெண்சாதி கல்வீட்டு வாசலில் இருக்கிறார்கள். வலை காய்கிறது. அவள் கர்ப்பிணி. வீட்டுக்குள் சூட்கேஸ் இருக்கிறது. மீன் பொரித்துச் சிரித்துச் சிரித்துச் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, படக்கென்று படம் முடிகிறது.

இப்போது நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். படத்தின் பெயர் நடுவில் வந்ததைப் பார்த்த எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "இது புதுமாதிரியான படம். பெயரை நடுவிலைதான் போடுவினம்" என்று சனத்துக்கு விளக்கினேன். எறிந்த சூட்கேஸ் எப்படித் திரும்ப வந்தது என்று கந்தப்பு அண்ணை கேட்டார். "அது வேற. ஊருக்கு வரேக்க புதுசு வாங்கினவை" என்றேன். "புதுசு எண்டுறியள், மூலை தேய்ஞ்சு கிடக்குது?" என்றார். "அங்க பழசுதான் மலிவு" என்றேன். எதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

"அப்ப அந்தப் பெட்டைப்பிள்ளை எங்க?" என்று முன்வரிசையில் ஒரு தாய் கேட்டாள்.

"படிக்கிறதுக்கு அங்க விட்டிட்டு வந்திருக்கினம்."

"பிள்ளையை விட்டிட்டு இருக்கிறவளும் ஒரு தாயோ? இருந்து மீன் தின்னுறாள்!" அந்த மனுசிக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. எல்லாரும் ஆமோதித்தார்கள். வசந்தி அணைந்த ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

எனக்கு அந்தப் படம் தலைக்கேறிவிட்டது. காலத்தைக் கலைத்துப்போட்ட ஒரு மகாகலைஞனைக் கண்டுபிடித்துவிட்டதாக மூன்று பக்கத்தில் கட்டுரை எழுதிக் குணத்துக்கு அனுப்பினேன். அவரும் முதல் பக்கத்தில் போட்டார். வாசகர் கடிதங்கள்கூட வந்தன.

5

அது 2005. ஊரில் காற்று மாறத் தொடங்கியிருந்தது. நிலானிக்கு அப்போது பத்து வயது. "இவளைக் கொண்டு வெளிக்கிடுங்கோ" என்று வசந்தி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலையிலிருந்து விடுப்புக் கிடைக்கவில்லை. பதிலுக்கு ஆள் வந்ததும் தானும் வருவேன் என்றாள். நான் மாட்டேன் என்று நின்றேன். மனுசியை விட்டுவிட்டுப் போகிற புருசன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்றேன். உண்மையைச் சொன்னால் பயம். போனால் திரும்பமாட்டேன் என்ற பயம்.

சூட்கேஸ் படம் போட்ட அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்தியதும் வசந்தியிடம் சொன்னேன்: "பாத்தனீர்தானே? எவ்வளவு கஷ்டப்பட்டாலும் கடைசியில ஊருக்கு வந்து சேந்தவைதானே. ரண்டு வருசம். நான் இவளைக் கொண்டுபோய் ஒரு இடத்தில சேத்துப்போட்டு வாறன்."

அவள் என்னைப் பார்த்தாள். "ஓம். ரண்டு வருசம்" என்றாள்.

அந்த வருடக் கடைசியில் வெளிக்கிட்டோம். எப்படி வந்தோம் என்பது இங்கே வேண்டாம். வந்து சில மாதத்தில் பாதை பூட்டியது.

6

மூன்று மாதத்துக்கு முன், குணத்தின் கடிதம் வந்த அதே கிழமை, நூலகத்தில் நானும் நிலானியும் படம் தெரிவுசெய்துகொண்டிருந்தோம். ஒரு மட்டையில் அந்தக் கல்வீட்டு வாசல். அதே புருசன் பெண்சாதி. "பிள்ளை, இதுதான் சூட்கேஸ் படம்!" என்று நூலகம் என்பதை மறந்து கத்திவிட்டேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவளுக்கு அந்தக் கலைஞனின் பெருமையைச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

கீழே ஓடும் எழுத்து நோர்வே மொழி. இந்தமுறை வாசித்துச் சொன்னவள் அவள். நான் சோபாவில் இருந்து கேட்டேன். பெயர் முதலில் வந்தது. தீவு முதலில் வந்தது. மீன் பொரித்துச் சாப்பிட்டார்கள், சிரித்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாப்பாடு முடிந்தது, படம் முடியவில்லை. புருசன் கையைத் துடைத்துக்கொண்டு, "கப்பலுக்குப் பதிஞ்சிட்டன்" என்றான். அதன் பிறகு பனி.

"அப்பா, நீங்கள் சொன்னது மாதிரி இல்லையே" என்றாள் நிலானி.

"பேசாமல் பார்."

கடைசியில் சூட்கேஸைத் தெருவில் வைத்துவிட்டு அவள் படி ஏறிப் போகிறாள். பெயர்கள் ஓடுகின்றன. அந்தப் பெயர்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இடைவேளை என்று சொன்ன அதே பெயர்கள்.

"அவை ஊருக்குப் போகவே இல்லையே அப்பா" என்றாள். அவளுக்கு அது ஒரு படம். நானாவின் பேனை இலக்கம் பிழை. ஆனால் நானாவை என்ன சொல்வது? அந்த மனுசன் துணி வியாபாரி. மூன்று பக்கம் கட்டுரை எழுதியவன் நானல்லவா? கோதாரி விழுந்தவன், இத்தனை பேருக்கு நடுவில் கதிரையில் இருந்துகொண்டு பிழையான படத்தைச் சரியென்று நிறுவியிருக்கிறேன். அதை நம்பி ஒருத்தி அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கே வசந்திக்கு எழுதினேன். மூன்று தாள். தட்டு மாறிப்போய்விட்டது, அவர்கள் திரும்பிப் போகவே இல்லை, நானும் திரும்பி வரப்போவதில்லை, அப்படி ஒரு எண்ணத்தில் நீர் அங்கே நின்றுவிடவேண்டாம், எப்படியாவது பாஸ் எடுத்து நேர்முகத்துக்கு வாரும் என்று மன்றாடி எழுதினேன். தேதியை இரண்டுதரம் எழுதினேன். குணத்தின் விலாசத்துக்கு அனுப்பினேன். கிளிநொச்சிப் பக்கம் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவது அவர் பொறுப்பு.

பிறகுதான் அந்த அந்தரம் தொடங்கியது. விரிப்பு மடிக்கும்போது எண்ணிக்கை தப்பும். மேற்பார்வையாளர் கூப்பிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். உடம்பு நல்லம் என்றேன். எந்தப் படத்தைப் போட்டாலும் பாதியில் எழும்பிவிடுவேன். நிலானி நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருப்பாள், பிறகு அவளும் அலுத்துத் தன் அறைக்குப் போய்விடுவாள். கடிதம் போய்ச் சேர்ந்ததா? பாஸ் கேட்டாளா? பிணைக்கு யார் நிற்பார்கள்? ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டுவது எந்த நாளில்? குணத்துக்குத் தொலைபேசி எடுத்தால் அவர் பட்டியலைக் கேட்கிறார். ஒருநாள் நல்லா ஏசிவிட்டேன். குணம், மன்னிக்கவேண்டும்.

7

இவ்வளவும் எழுதி வைத்திருக்க, நேற்று அவளுடைய கடிதம் வந்தது. நேர்முகத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை, அப்படியே எழுதுகிறேன்.

"நான் சுகம். உங்கட கடிதம் கிடைச்சு வாசிச்சுச் சிரிச்சன். மூண்டு தாளிலையும் அழுதிருக்கிறியள், நான் சிரிச்சதுக்குக் கோவிக்காதேங்கோ. அந்தப் படம் மாறி ஓடினது எனக்கு அண்டைக்கே தெரியும்.

"கடைசியில அந்தப் பெண்சாதி வாசல்ல இருந்து ரண்டு கையாலயும் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவள், ஞாபகமோ? அது முதல் பிள்ளைக்காரி இருக்கிற இருப்பு. ரண்டாவதுக்கு ஆர் அப்பிடி இருந்து வயித்தைப் பாக்கிறது? மூத்தது பின்னால இழுக்கும், அடுப்பு முன்னால இழுக்கும். நான் எத்தினை வயிறு பாத்தனான். அப்பவே விளங்கிட்டுது, இது முன்னுக்கு வரவேண்டிய பகுதி, இவை திரும்பி வந்த ஆக்கள் இல்லை எண்டு.

"வீட்டை வந்து உங்களுக்குச் சொல்லிப் பகிடி பண்ணுவம் எண்டுதான் நினைச்சனான். அதுக்குள்ள நீங்கள், அவையும் திரும்பி வந்தவைதானே, நானும் ரண்டு வருசத்தில வாறன் எண்டியள். மூண்டு மாசமா மாட்டன் மாட்டன் எண்டு நிண்ட மனுசன். நான் வாயை மூடிக்கொண்டன். படம் பிழை எண்டு நான் சொல்லியிருந்தால் நீங்கள் பிள்ளையைக் கொண்டு வெளிக்கிட்டிருக்கமாட்டியள்.

"நீங்கள் திரும்பி வருவியள் எண்டு நான் இஞ்ச காத்துக்கொண்டு இருக்கேல்லை. அதை நினைச்சு அழவேண்டாம். பூநகரிப் பக்கத்தையும் இப்ப என்னட்டைத் தந்திருக்கினம். பதிலுக்கு ஒருத்தரும் இல்லை, பாதை பூட்டினாப் பிறகு ஆர் வரப்போகினம்? இந்த மாதத்துக்குள்ள பதினாலு பேர். அதில நாலு பேருக்கு முதல் பிள்ளை. நான் பாஸ் கேட்கேல்லை. நேர்முகத்துக்கு வரேல்லை. ஆரும் பதிலுக்கு வந்தால் கட்டாயம் வாறன்.

"நிலானியின்ர தோடு இறுகியிருக்கும். கழட்டிப் பெரிசு போட்டுவிடுங்கோ. கதைக்கச் சொல்லிப் பிள்ளையை ஏசாதேங்கோ. அவளின்ர மூச்சுச் சத்தம் கேட்டாலே எனக்குக் காணும்."

நான் கோபப்பட்டேன். கடிதத்தை மேசையில் எறிந்தேன். என்னை ஏமாற்றி அனுப்பியிருக்கிறாள் என்று குசினிக்குள் நின்று பெரிய சத்தமாகச் சொன்னேன். பிறகு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கதிரையில் இருந்து அழுதேன். பள்ளிக்கூடத்தால் வந்த நிலானி சப்பாத்தைக் கழற்றாமலே வந்து பக்கத்தில் நின்றாள்.

"அம்மா என்ன எழுதியிருக்கிறா?"

முதலில் வாயில் வந்தது, பாஸ் சுணங்குது, அடுத்தமுறை வருவா என்பதுதான். அதை விழுங்கிவிட்டு, கடிதத்தில் இருந்ததை ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்ததை, வாயை மூடிக்கொண்டதை, பதினாலு பேரை, வரேல்லை என்றதை.

"அப்ப நாங்கள் திரும்பி வரமாட்டம் எண்டு தெரிஞ்சுகொண்டோ அம்மா எங்களை அனுப்பினவா?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு யன்னல் பக்கம் போனாள். அந்தக் கையெழுத்து அவளுக்குக் கஷ்டம். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, முதல் வரியிலிருந்து தானே வாசிக்கத் தொடங்கினாள்.